படியெடுத்தலும் சரிபார்த்தலும்

ஏட்டுச் சுவடிகளைக் காலந்தோறும் படியெடுத்து வந்தமையாலேயே பழந்தமிழ் நூல்கள் பல கறையானுக்கு இரையாகாமற் பிழைத்தன. இன்று மறைந்த பெற்றோரின் நிழற்படமும் குரலும் கணினியின் வன்தட்டிலே உறைகின்றன. தட்டுப் பழுதுற்றால் அவை மீளாமலே போகலாம். ஆதலால், லினக்ஸ் கணினி வைத்திருப்போர் சிலர் அவற்றை இறுவட்டிற் பதிந்து வைக்கின்றனர். அப்பதிவு தவறுதற்குக் காரணங்கள் சிலவே.

எழுதுகருவி ஆணைக்கு இணங்காவிடின், பயனருக்கு அதனைக் கையாளும் உரிமை உண்டா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். டெபியன் முதலிய வகைகளில் அவ்வுரிமை 'சீடிரொம்' என்னும் குழுவினர்க்கு உரியது. அடுத்தது அளவு. சாதாரண இறுவட்டு ஏறக்குறைய 700 மெகாபைற்று வரையே கொள்ளும். மிகுதியை வேறொரு வட்டிலேயே பதிதல் வேண்டும்.

பதிவு இடைநடுவில் அறுவதும் உண்டு. லேசர்க் கதிர் எழுதும் விரைவுக்கு ஈடாகத் தரவு வந்து சேராமை அதற்கொரு காரணம். பிற செயலிகளை மூடி, வேகத்தைக் குறைத்து, புதிய வட்டொன்றில் மீண்டும் எழுதுதல் நன்று. ஒருமுறையே எழுதத்தக்க வட்டிற் பழுதான பதிவை அழித்தெழுத இயலாது.

'பதிவு முடிந்தது' என்னும் செய்தியோடு அமைதல் கூடாது. வட்டை வெளியே எடுத்து, மீண்டும் இட்டு, 'டிஃப்' என்னும் கட்டளையால் மூலக் கோப்புகளோடு ஒப்பிடல் வேண்டும். அதன்பின்னரே மூலத்தை அழிப்பது பற்றி எண்ணலாம். வெயிலும் வெப்பமும் வட்டின் சாயப்படையைக் கெடுக்கும். ஆகவே நிழலான இடத்தில் ஒரு படியும், உறவினர் இல்லத்தில் மற்றொரு படியும் இருத்தல் நலம்.