தேவதை அல்லள், தொழிலாளி!



செவிலியைத் "தேவதை" என்கின்றனர். கேட்கச் செவி இனிக்கிறது. ஆனால், தேவதைக்குப் பசியில்லை, தூக்கமில்லை, வீட்டு வாடகையில்லை. ஆகவே, தேவதைக்கு ஊதியம் ஏன், ஓய்வு ஏன் என்று கேட்டுவிடலாமல்லவா! மாலை சூட்டிவிட்டுப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தந்திரம் இது!

இரவு இரண்டு மணி. ஒரு கட்டிலில் மூச்சுத் திணறல். மறு கட்டிலில் ஊசி போடும் வேளை. மூன்றாம் கட்டிலில் உயிர் பிரிகிறது. அழ அவளுக்கு நேரமில்லை. அடுத்த கட்டில் அழைக்கிறது. விடிந்து வீடு சேர்ந்தால் உடல் சாய்கிறது. உள்ளம் உறங்க மறுக்கிறது. நாளடைவில் சிரிப்பு மறைகிறது, சினம் வளர்கிறது, முனகல் கேட்டும் நெஞ்சு மரத்துப்போகிறது. "கல்நெஞ்சக்காரி" என்கிறோம். கல்லாக்கியது எது என்று கேட்டோமா?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் விடை சொன்னது. தீராத பணியிட நெருக்கடியால் விளைவது இந்தச் சோர்வு என்றது. ஓய்ந்துபோதல், வேலையில் கசப்பு, திறன் குன்றல் என மூன்று அடையாளங்களைக் காட்டியது. அதை நோயென்றுகூட வகைப்படுத்தவில்லை. தொழிலிலே விளையும் நிலை என்றது. குறை அவள் நெஞ்சிலே அன்று, தோழர்களே, பணியிடத்திலே!

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலி, பிறவற்றில் ஐவருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல். அடுத்தமுறை வார்டுக்குள் செல்லும்போது கட்டில்களை எண்ணுங்கள், செவிலியரையும் எண்ணுங்கள். கணக்கு உங்களுக்கே விளங்கும்.

தமிழகத்தில் 2015-இல் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட செவிலியர் பெற்ற மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய்! 2017 நவம்பரில் அவர்கள் சென்னை மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் திரண்டனர். நாளை வேலை நிலைக்குமா என்ற அச்சத்தைச் சுமந்துகொண்டே நம் அச்சத்தைப் போக்க வேண்டியவர்கள் அவர்கள்!

ஊராரைச் சொன்னேன், நம்மையும் சொல்லவேண்டும். கரைவேட்டியுடன் வார்டுக்குள் நுழைந்து, "நான் யார் தெரியுமா?" என்று செவிலியிடம் குரல் உயர்த்துவோர் நம்மிலும் உண்டு. உழைப்பவர் உரிமையை மேடையிலே முழங்கிவிட்டு, வார்டிலே அதிகாரம் செய்வது எந்தக் கொள்கை?

போதிய ஆள், நிலையான வேலை, முறையான ஓய்வு, மனம் தளர்ந்தால் தயங்காது சொல்ல ஓரிடம் — இவை சலுகையல்ல, உரிமை. அந்த உரிமைக்குக் குரல் கொடுப்போம். அதற்கு முன், அவளிடம் உயர்த்திய குரலைத் தாழ்த்துவோம்!