போட்டோவில் புள்ளி குறைந்தால் எண் மாறும்

சம்பா நடவு முடிஞ்ச கையோட பயிர்க் காப்பீட்டுக்கு ஓடுற நாட்கள் டெல்டாக்காரங்க எல்லாருக்கும் தெரியும். கிராம நிர்வாக அலுவலர் தந்த அடங்கல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார். மூன்றையும் போனில் படம் எடுத்து மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புறீங்க. அவர் பொது சேவை மையத்தில் காட்டுகிறார். பெரிதாக்கிப் பார்த்தால், கணக்கு எண்ணில் இருப்பது 3-ஆ, 8-ஆ? தெரியவில்லை. போனில் தெளிவாத்தானே இருந்துச்சு?

நடவு வயலை நினைச்சுப் பாருங்க. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே பச்சை. வயலில் இறங்கினால் தனித்தனிக் குத்து. டிஜிட்டல் படமும் அப்படித்தான். அதில் ஒவ்வொரு குத்தும் ஒரு பிக்சல். ஒரே நிறம் கொண்ட சின்னப் புள்ளி. 1957-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் தன் கைக்குழந்தையின் போட்டோவை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினார். அதில் 176-க்கு 176, மொத்தம் 30,976 பிக்சல்கள். இன்று 12 மெகாபிக்சல் போனில் 4,000-க்கு 3,000, அதாவது 1 கோடியே 20 லட்சம்!

ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது, நெருக்கமும் வேணும். 25 செ.மீ. இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 16 குத்து. 50 செ.மீ. விட்டால் 4 தான். இந்த நெருக்கத்தைத்தான் ரெசல்யூஷன் என்கிறோம். தூரத்திலிருந்து எடுத்தால் பெரும்பாலான பிக்சல்கள் மேசைக்கும் தரைக்கும் போயிடும். கணக்கு எண்ணுக்குக் கிடைப்பது சொற்பம். 3-ன் இடப்பக்கத் திறப்பு மூடிக்கொண்டு 8 மாதிரி தெரியும். அப்புறம் எவ்வளவு பெரிதாக்கினாலும், இருக்கும் புள்ளிதான் பெருசாகும்; இல்லாத விவரம் வராது.

வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால், டேட்டாவை மிச்சப்படுத்த அது படத்தைச் சுருக்கிவிடும். அதனால் இப்படிச் செய்யுங்க:

• வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலே பிடித்து, திரை நிறைய எடுங்க. ஜூம் வேண்டாம், கிட்டே போங்க.

• வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்க. எடுத்தபடியே போய்ச் சேரும்.

• இணையதளம் இத்தனை கேபிக்குள் என்று கேட்டால், முதலில் ஓரங்களை வெட்டுங்க. பிறகு சுருக்குங்க. சுருக்கிய படத்தைத் திறந்து மறுபடி படிச்சுப் பாருங்க.

• வங்கியின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் 11 எழுத்துகள். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். 'ஓ' என்று பதிந்துவிடக் கூடாது.

மையத்தில் பதிவு முடிந்ததும், ஒப்புகைச் சீட்டில் உள்ள கணக்கு எண்ணையும் சர்வே எண்ணையும் அசல் தாளோடு ஒத்துப் பாருங்க. இரண்டு நிமிஷ வேலை. மழையில் பயிர் சாய்ந்த வருஷம், இழப்பீடு உங்க கணக்கைத் தேடி வர அந்த எண்கள்தான் வழி.