கல்லாவில் இருப்பவன் சொல்லும் கதை

அமெரிக்க எழுத்தாளர் கரோலின் கெப்னஸ் 2014-இல் எழுதிய நாவல் 'யூ'.

நியூயார்க்கில் ஒரு புத்தகக் கடை. கல்லாவில் ஜோ. பெக் என்ற மாணவி வருகிறாள், சிரித்துப் பேசுகிறாள், கிரெடிட் கார்டை நீட்டுகிறாள். அவ்வளவுதான். கார்டில் இருந்த பெயரை இணையத்தில் தட்டி, வீட்டு முகவரி முதல் தோழிகள் வரை தோண்டி எடுத்துவிடுகிறான். பூட்டு எதையும் உடைக்கவில்லை. முகநூலிலும் ட்விட்டரிலும் எல்லாம் திறந்தே கிடந்தது.

கதையைச் சொல்பவனும் அவன்தான். விஷமமே அங்கேதான். நிறையப் படித்தவன், கிண்டல் தெரிந்தவன். நாலு பக்கம் போவதற்குள், 'பாவம், உண்மையாகக் காதலிக்கிறான்' என்று நாமும் தலையாட்டத் தொடங்கிவிடுகிறோம். ஆள் கொலைகாரன் என்று தெரிந்த பிறகும் அந்தத் தலையாட்டல் சட்டென்று நிற்பதில்லை. அதுதான் எழுத்தாளரின் சாமர்த்தியம். 2018-இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது ரசிகைகள் ஜோவை நினைத்து உருகினார்கள். அவன் கொலைகாரனம்மா என்று, அந்த வேடத்தில் நடித்த பென் பேட்ஜ்லியே நினைவுபடுத்த வேண்டியிருந்தது!

நாவலில் ஒரு சின்ன விஷயம். பெக்கின் தொலைந்த போன் ஜோவிடம் இருக்கிறது. அவளோ புதுப் போன் வாங்கிக்கொண்டு, பழையதை அப்படியே விட்டுவிடுகிறாள். அவள் எழுதும் மெயிலை எல்லாம் அவன் உட்கார்ந்து படிக்கிறான்.

உங்கள் போன் தொலைந்தால், புதிது வாங்கக் கிளம்பும் முன் பழையதில் உள்ள கணக்குகளை லாக் அவுட் செய்துவிடுங்கள்.