சோற்றுத் தட்டும் ஒரு பட்டப்படிப்பும்

 

மேடையில் பேசிப் பழக்கமில்லாதவர்கள் நாங்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் மளிகையும் மசாலாவும் விற்கிற குடும்பம். படித்தது பாலிடெக்னிக் டிப்ளோமா, அதுவும் எலக்ட்ரிக்கல். டயட்டெட்டிக்ஸ் என்னும் உணவுமுறைப் பட்டப்படிப்பைப் பற்றிப் பேச எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். எங்கள் அக்கா மகள் அதைப் படிக்கிறாள். அவளை அனுப்ப வேண்டாம் என்று முதலில் சொன்னவர்கள் நாங்கள்தான். அதுதான் தகுதி.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இடம் என்றதும் மிண்டன் வளாகம்தானே, வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று மகிழ்ந்தோம். பிறகுதான் தெரிந்தது, இந்தப் படிப்பு நடப்பது கிளந்தானில், குபாங் கெரியான் சுகாதார வளாகத்தில். கெரிக் மலைச்சாலை வழியாக இரவு பஸ். நான்கு வருடம். "ஆக்கிப் போடுறதுக்கு ஒரு டிகிரியா?" என்று கேட்டோம். அம்மாவும், "நான் சொல்லிக் கொடுக்க மாட்டேனா?" என்றார்கள்.

அம்மாவுக்குப் பதினைந்து வருடமாகச் சர்க்கரை. ஒரு மருத்துவமனையில் உணவுத் தாள் ஒன்று கொடுத்திருந்தார்கள். ஓட்ஸ், முழுக்கோதுமை ரொட்டி, ஆப்பிள். அம்மா அதை மடித்து மிளகாய்த்தூள் டின்னுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். காலில் வந்த சின்னப் புண் ஆறாமல், இரண்டு விரல்களை எடுக்கும்படி ஆயிற்று. வீட்டுக்கு வந்த பிறகு அந்தத் தாளைத் தேடி எடுத்தவள் அக்கா மகள்தான். "நன்னிமா சாப்பிடுறது ஒண்ணுகூட இதுல இல்லையே மாமா, பிறகு எப்படிக் கேப்பாங்க?" என்றாள். எங்களிடம் பதில் இல்லை. அந்த வாரமே பஸ் டிக்கெட் எடுத்தோம்.

இது சமையல் படிப்பு அல்ல. எஸ்டிபிஎம்மிலோ மெட்ரிகுலேஷனிலோ வேதியியலும் உயிரியலும் நன்றாகச் செய்திருக்க வேண்டும். முதலில் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்ற பாடம், பிறகு எந்த நோய்க்கு எந்த உணவு, எவ்வளவு என்பது. கடைசியில் மருத்துவமனை வார்டுகளில் பயிற்சி. ஒன்று சொன்னாள், நாங்கள் திகைத்துப்போனோம். கீரை, வாழைப்பழம், இளநீர் எல்லாம் யாருக்கும் நல்லது என்றுதானே நினைக்கிறோம்? சிறுநீரகம் பழுதானவருக்கு அவற்றிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கினால் இதயத் துடிப்பே தடுமாறுமாம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது நாம் அன்போடு வாங்கிப்போவது அவைதான்!

தேசியப் பல்கலைக்கழகத்திலும் செர்டாங் புத்ரா பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில் சட்டம் டயட்டீஷியனைத் தனித் தொழிலாகப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆகவே, படித்துவிட்டு என்ன செய்வாள் என்று எங்களிடம் கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

நம்மில் பாதிப்பேர் சோறு விற்று வாழ்கிறவர்கள். இந்த நாட்டில் 2023 சுகாதார ஆய்வின்படி வயது வந்தவர்களில் ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை. சுகாதார அமைச்சு காட்டும் தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ இறைச்சியோ, பாதி காய்கனி. நம் நாசி கண்டார் தட்டைப் பாருங்கள். சோறு மலைபோல், குழம்பு வெள்ளம்போல், ஓரத்தில் இரண்டு வெண்டைக்காய். பிறகு ஒரு தே தாரேக். அதில் ஊற்றும் டின் பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். கடையை மூடச் சொல்லவில்லை, எங்கள் மசாலாவும் அங்கேதான் போகிறது.

போன நோன்புக்கு அவள் விடுமுறையில் வந்திருந்தாள். பள்ளிவாசல் நோன்புக்கஞ்சியை அம்மாவுக்கு நிறுத்துவாள் என்று நினைத்தோம். நிறுத்தவில்லை. கஞ்சியும் சோறுதான் நன்னிமா, இதைக் குடித்தால் இரவுச் சோற்றில் அந்த அளவைக் குறைக்கணும் என்றாள். சஹரைத் தவறவிடக் கூடாது, மாத்திரை நேரத்தை நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றாள். அம்மா அரைக் கிண்ணம் குடித்தார்கள். மீதியை எங்கள் பக்கம் தள்ளினார்கள். அவள் எங்களையும் பார்த்தாள்.

பிள்ளைகளுக்கு இந்தப் படிப்பில் விருப்பமிருந்தால், விண்ணப்பம் எப்படிப் போட்டோம், என்ன செலவு ஆயிற்று என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அசருக்குப் பிறகு கடைக்கு வாருங்கள்.