கரை யாருக்குச் சொந்தம்?



ஆரணிக்கு அருகிலுள்ள சேவூர் என்னுடைய ஊர். பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற வட்டாரம். எங்கள் பக்கத்தில் விடியற்காலையில் தெருவில் நடப்பவர்கள், நெடுக விரித்துக் கட்டியிருக்கும் பாவைக் கண்டால் ஓரமாக ஒதுங்கிச் செல்வார்கள். பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன் கஞ்சி தோய்த்து, இழைகளைப் பிரித்துவிட்டு, உலர்த்த வேண்டும். அதற்கு வீட்டுக்குள் இடம் போதாது, தெரு வேண்டும். தெரு எந்த நெசவாளருக்கும் சொந்தமன்று. ஆயினும் அந்தத் தெரு இல்லையேல் வீட்டுக்குள் தறி ஓடாது. இன்று நான் பேச வந்தது கடலோரத்து ஊர் ஒன்றைப் பற்றி. எனினும் அவ்வூரை எனக்கு விளங்க வைத்தது இந்தத் தெருப்பாவுதான். ஆகையால் முதலில் அதைச் சொன்னேன்.

இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு முனையில் உள்ளது தனுஷ்கோடி. ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா; இடையே ஒடுங்கிய மணல் நிலம். 1914-ஆம் ஆண்டில் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னையிலிருந்து புறப்பட்ட 'போட் மெயில்' வண்டி இவ்வூருக்கு வரலாயிற்று. பயணிகள் இங்கே கப்பலேறி, ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலேறிக் கொழும்புக்குச் செல்வார்கள். ரயில் நிலையம், தபால் நிலையம், தேவாலயம் என ஒரு துறைமுக ஊருக்கு வேண்டிய யாவும் இங்கே இருந்தன.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வீசிய பெரும் புயலில் அத்தனையும் அழிந்தன. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், ஊரை நெருங்கும் வேளையில் அலைகளுக்குள் மூழ்கியது. வண்டியில் இருந்தோர் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் அவ்விடம் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்தது. ரயில் பாதை மீண்டும் போடப்படவில்லை.

அறிவிப்போடு ஊர் முடிந்துவிட்டது என்றே நானும் பல காலம் எண்ணியிருந்தேன். வகுப்பறையிலும் அவ்வாறே சொல்லியிருக்கிறேன். 2016-இல், நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றபோதுதான் என் தவறு எனக்குத் தெரிந்தது. அந்நாளில் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் நல்ல சாலை கிடையாது. உள்ளூரார் ஓட்டிய வேனில் மணலிலும் தேங்கிய நீரிலும் குலுங்கிக்கொண்டு போனோம். இடிந்த தேவாலயத்தின் சுவர்களைக் கண்டு பிள்ளைகள் வியந்தார்கள். சற்றுத் தள்ளிக் கீற்றுக் குடிசைகள் தெரிந்தன. புயலுக்குப் பின் திரும்பி வந்த மீனவர்களும் அவர்களுடைய மக்களும் பேரப் பிள்ளைகளும் அங்கே குடியிருந்தனர்.

அவர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். வங்கக் கடலைச் சார்ந்த வடபுறத்தைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் புறத்தை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். அப்போது வடகரையில் தொழில் செய்வார்கள். வாடைக்காற்று தொடங்கியதும் வடகடல் சீறும். அப்போது தென்கரைக்கு மாறுவார்கள். ஒரு குடும்பம் பிழைக்க இரண்டு கரைகளும் வேண்டும்.

கரைவலை இழுப்பதையும் பார்த்தோம். வலையின் ஒரு கயிற்றைக் கரையில் நிறுத்திவிட்டு, வள்ளம் அரை வட்டமாகக் கடலைச் சுற்றிவந்து மறு கயிற்றைக் கரை சேர்க்கிறது. பின்னர் இருபுறமும் ஆண்களும் பெண்களுமாக அணிவகுத்து நின்று, மெல்ல மெல்ல நெருங்கியபடி வலையை இழுக்கிறார்கள். மடி கரைக்கு வந்ததும் மீனை விற்று, வலைக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்குப் பங்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். இத்தொழிலுக்குத் தடையற்ற நீண்ட மணற்கரை இன்றியமையாதது. பிறகு அதே மணலில்தான் வலையும் உலர வேண்டும், மீனும் உலர வேண்டும்.

குடிநீரும் அம்மணலே தருகிறது. கடலுக்குச் சில அடி தூரத்தில் பள்ளம் தோண்டி, ஒரு மூதாட்டி எங்களுக்கு நன்னீர் எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் மாயமோ என்று மலைத்தார்கள். மாயமன்று, பௌதிகப் பாடம்தான். மழைநீர் உப்புநீரைவிட இலேசானது. மணலில் இறங்கிய மழைநீர், கீழேயுள்ள உப்புநீரின்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலேறிவிடும். எவ்வளவு தோண்டலாம் என்பது அந்த மூதாட்டிக்குத் தெரிந்திருந்தது.

நீர் குடித்த மகிழ்ச்சியில் எங்கள் மாணவர் சிலர் உலரப் போட்டிருந்த வலையை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். "வலையை மிதிக்காதீங்க தம்பி" என்றார் அம்மையார். அதில் கோபம் இல்லை; களைப்பு இருந்தது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ! அப்போது நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் தன் தோழர்களை நோக்கி, "நம்ம தெருவில் பாவு போட்டிருக்கும்போது யாராவது மிதித்தால் விடுவோமா?" என்று கேட்டான். நான் சொல்லியிருக்க வேண்டிய சொல்லை அவன் சொன்னான்.

அங்கிருந்த பெரியவர் ஒருவரிடம், "இந்த இடம் உங்களுக்குச் சொந்தமா, ஐயா?" என்று கேட்டேன். "பட்டா கிடையாதுங்க ஐயா. எங்க அப்பா இங்கேதான் வலை இழுத்தார். நாங்களும் இழுக்கிறோம்" என்றார். அவர் என் கேள்விக்கு விடை கூறவில்லை என்று அன்று நினைத்தேன். அதுதான் விடை என்று பின்னர் உணர்ந்தேன்.

சொத்து என்றவுடன் நம் மனத்தில் எழுவது என்ன? நான்கு எல்லை, சர்வே எண், பத்திரம். ஆனால் ஆண்டுக்கு இருமுறை கரை மாறுகிறவருக்கு எந்த நான்கு எல்லையைக் குறிப்பது? அவருடைய சொத்து நிலமன்று. நிலத்தைப் பயன்படுத்தும் வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாத பொருளை வெறும் இடம் என்று மற்றவர்கள் எண்ணிக்கொள்வது எளிது.

2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அரிச்சல்முனை வரை புதிய சாலை திறக்கப்பட்டது. 2023-இல் நான் மறுபடி சென்றபோது பேருந்திலேயே முனைவரை போய்விட்டேன். சாலையின் இருமருங்கிலும் ஊர்திகள் நின்றன. சங்கு மாலைகளும் வறுத்த மீனும் விற்றார்கள். சாலையால் நன்மை இல்லை என்று யார் சொல்ல முடியும்? நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிகிறது. பிடித்த மீன் கெடுவதற்கு முன் சந்தைக்குப் போகிறது. ஆனால் மணலில் வேன் ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு அந்தப் பிழைப்பு சுருங்கியது. வலை உலர்ந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. பாழடைந்த ஊர் என்று கேள்விப்பட்டு வருகிறவர், உயிரோடிருக்கும் ஊரைக் காணாமலே படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்.

அரசின் கவலைகளும் பொய்யானவை அல்ல. 1964-இல் வந்த புயல் மறுபடி வரக்கூடும். கடல்வாழ் உயிர்களையும் காக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது அதற்காகவே. கரையோரக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் விதிகளும் 1991 முதல் இருந்துவருகின்றன. இவை தேவையான ஏற்பாடுகள். ஆனால் காப்பதாயினும், களிப்பதற்குத் திறந்துவிடுவதாயினும், அங்கே தலைமுறையாக உழைப்பவரையும் கேட்டுச் செய்வதே முறை.

பிற நாட்டார் இதை எவ்வாறு எதிர்கொண்டார்கள்? 17,000-க்கும் மேற்பட்ட தீவுகளைக் கொண்ட இந்தோனேசியாவைப் பாருங்கள். அங்கே மலுக்குத் தீவுகளில் 'சாசி' என்றொரு பழைய வழக்கம் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு இக்கடற்பகுதியில் யாரும் எதுவும் எடுக்கக்கூடாது என்று ஊரார் கூடித் தடை விதிப்பார்கள். உயிரினம் பெருகிய பின் தடையை நீக்கி எல்லோரும் பயன்பெறுவார்கள். எழுதாத உரிமையோடு எழுதாத கடமையும் சேர்ந்திருப்பதை இதில் காணலாம். 2007-இல் அந்நாட்டு அரசு, கரைக்கடல் பகுதிகளைத் தனியாருக்கு உரிமமாக வழங்க ஒரு சட்டம் செய்தது. 2011-இல் அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம், மரபுவழி மீனவர் வாழ்வைக் கருதி அவ்வுரிமத்தைச் செல்லாதென்று தீர்த்தது. நம் நாட்டிலும் காடுகளில் வாழும் மக்களின் பழைய உரிமைகளை ஏற்று 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. கரையில் வாழும் மக்களுக்கு அதற்கு இணையான சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. நாளை சட்டம் படிக்கப்போகும் மாணவர் யாரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இது உங்களுக்காகக் காத்திருக்கும் வேலை என்பேன்.

மற்றவர்களுக்கும் வேலை உண்டு. தனுஷ்கோடிக்குச் செல்லுங்கள்; தாராளமாகச் செல்லுங்கள். விருந்தினராகச் செல்லுங்கள். ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கிறோம் என்ற எண்ணத்தோடு கரையில் நில்லுங்கள். குப்பையைப் போட்டுவிட்டு வராதீர்கள். கேட்காமல் குடிசைகளுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். வலை விரித்திருந்தால் சுற்றிப் போங்கள்.

எங்கள் ஊரில் பாவு போட்டிருக்கும் தெருவில் இன்றும் சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போகிறார். அதற்கு அறிவிப்புப் பலகை ஏதும் இல்லை. அங்கே ஒரு குடும்பத்தின் சோறு விரித்துக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். கடற்கரையிலும் அந்த அறிவு நமக்கு இருக்க வேண்டும்.