கொல்லைக் கீரையும் பிள்ளைகளின் தட்டும்

அடி அண்ணாமலை, திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் மலைக்கு மேற்கே உள்ள சிற்றூர். 14 கிலோமீட்டர் சுற்றி வருவோர் ஆதி அருணாசலேசுவரர் கோயிலைக் கும்பிட்டுக் கடந்துபோகும் இடம். வட தமிழகத்தின் இத்தகைய ஊர்களில் கிணற்றடி வாழையும் வேலியோர முருங்கையும் எவரும் ‘தோட்டம்’ என்று பெயரிடாத தோட்டங்களாகவே இருந்துவந்தன. கொல்லை சுருங்கிய பிறகுதான் அதற்குப் பெயர் தேவைப்பட்டது.

கொல்லையிலிருந்து தட்டுக்கு வருவோம். 2019-21 ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கும் அதே நிலை. அதே ஆய்வில் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையோர். வயிறு நிறைகிறது, இரத்தம் ஊறவில்லை. தட்டில் மலைபோல் வெள்ளைச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும் இருந்தால் இரண்டும் ஒரே வீட்டில் நேரலாம்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 400 கிராம் காய், கீரை வேண்டும் என்கிறது. நால்வர் வீட்டுக்கு 1.6 கிலோ. இதை மாடியில் வைத்த பத்துச் செடிப் பைகள் தந்துவிடும் என்பது வீண்பேச்சு. வீட்டுத் தோட்டத்தின் பயன் எடையில் இல்லை. தானே விதைத்ததைப் பிள்ளை தயங்காமல் வாயில் போடும் என்பதில் இருக்கிறது.

தொடங்க ஏற்றது கீரைதான். விதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவிப் பூவாளியால் நீர் தெளித்தால் மூன்று நான்கு வாரத்தில் முளைக்கீரையைப் பிடுங்கலாம். அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். மாடிக்குச் செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு கலந்த பை போதும். சித்திரை வெயிலுக்கு நிழல்வலை வேண்டும். அசுவினிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல். இடமுள்ளோர் முருங்கை வைக்கலாம்: பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 செடிமுருங்கை ஆறு மாதத்தில் காய்க்கும், இலையோ அதற்கு முன்பே கிடைக்கும்.

பறித்ததைச் சமைப்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். கீரையின் இரும்புச்சத்து உடலில் எளிதில் சேராது. வைட்டமின் சி துணை செய்யும், தேநீரும் காப்பியும் தடுக்கும். கடைந்த கீரையை இறக்கியபின் எலுமிச்சை பிழிவது வீண் பழக்கமன்று. உண்ட கையோடு தேநீர் குடிப்பதுதான் வீண். கீரையின் பீட்டா கரோட்டினைப் பெறக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். வேர்க்கடலைக்குப் பேர்போன திருவண்ணாமலை மாவட்டத்தில் வறுத்த கடலைப்பொடியைத் தூவினால் அதுவும் ஆயிற்று. ஜவ்வாதுமலைச் சாமைச் சோறும் சேர்ந்தால் நல்ல சாப்பாடு.

பள்ளிச் சோற்றில் தமிழ்நாடு முன்னோடி. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் காலை உணவு. ஆனால் தட்டில் விழுவதைப் பற்றிய கல்வி அந்த வேகத்தில் வளரவில்லை. பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க ஒன்றிய அரசு 2019இல் நெறிமுறை வெளியிட்டது. திருவண்ணாமலை அருகே கணத்தம்பூண்டியில் 2009இல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளி, பெயருக்கேற்ப இயற்கை வேளாண் பண்ணையோடு இணைந்தது. அங்கே மண்ணும் பாடத்தோடு சேர்ந்தே வருகிறது.

குளிர்நாட்டுத் தமிழர் வீடுகளுக்கு முறை சற்று மாறும். கடைசி உறைபனி போனபின்தான் அரைக்கீரை விதைக்கலாம். முருங்கை தொட்டியில் வளர்ந்து, பனிக்கு முன் வீட்டுக்குள் வரவேண்டும். ஊரிலிருந்து விதை கொண்டுபோவோர் அந்தந்த நாட்டின் தாவரத் தடுப்பு விதிகளைப் பார்ப்பது நல்லது. ஆஸ்திரேலியாவில் விமான நிலையத்திலேயே விதையை அறிவிக்க வேண்டும். அங்கேயே வாங்கிய வெந்தயமானால் இந்தத் தொல்லை இல்லை. அஞ்சறைப் பெட்டியில் உள்ளதை இரவு ஊறவைத்து ஜன்னலோரத் தொட்டியில் தூவினால், குளிர்காலத்திலும் பிள்ளைகள் கிள்ளுவதற்குக் கீரை இருக்கும்.