முதல் இரண்டு வரி நம்முடையதாக இருக்கட்டும்

(கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் நமது அறக்கட்டளை காரைக்காலில் நடத்திய வழிகாட்டி நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

கல்வி உதவிக்கான படிவத்தோடு ஒரு பக்கக் கடிதமும் கேட்கிறோம். உங்களைப் பற்றி, படிப்பைப் பற்றி, குடும்ப நிலையைப் பற்றி நீங்களே எழுத வேண்டிய கடிதம் அது. மதிப்பெண்ணும் வருமானமும் படிவத்திலேயே தெரிந்துவிடும். ஆள் தெரிவது கடிதத்தில்தான். அந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இதைப் பேச வேண்டிய அவசியம் சமீபத்தில்தான் வந்தது. முன்பு வந்த கடிதங்களில் எழுத்துப் பிழை இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்கும். இப்போது அதெல்லாம் இல்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்ட கடிதங்கள் ஒரே மாதிரி தொடங்குகின்றன. "வேகமாக மாறிவரும் இன்றைய உலகில் கல்வியே வெற்றியின் திறவுகோல்" என்று ஒன்று. "சிறு வயது முதலே சேவை செய்யும் கனவு என் உள்ளத்தில் சுடர்விட்டது" என்று இன்னொன்று. திருமலைராயன்பட்டினத்துப் பிள்ளையும் நிரவிப் பிள்ளையும் அம்பகரத்தூர்ப் பிள்ளையும் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

காரணம் உங்களுக்கே தெரியும். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. 2024இல் நம் கையிலிருக்கும் வாட்ஸ்அப்புக்குள்ளேயே மெட்டா ஏஐ வந்துவிட்டது. "நல்ல தொடக்கம் ஒன்று எழுதிக் கொடு" என்றால் நொடியில் எழுதித் தருகிறது.

இதைத் தொடவே கூடாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரு மனு எழுத, தெரிந்தவர் வீட்டு வாசலில் காத்து நின்ற தாய்மார்கள் நம் ஊரில் உண்டு. பிரான்ஸில் உள்ள அலுவலகத்துக்குப் பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுத, அந்த மொழி தெரிந்த பெரியவரைத் தேடி அலைந்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இது பெரிய உதவி. மொழி தெரியாததால் யாருடைய உரிமையும் தவறிப் போகக் கூடாது. அந்த வகையில் இந்தக் கருவி வந்தது நல்லதுதான், அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் அது எப்படி எழுதுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோடிக்கணக்கான பக்கங்களைக் கொடுத்து அதைப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வருவது இயல்பு என்று கணக்கிட்டுக் கணக்கிட்டே அது எழுதுகிறது. நீங்கள் விவரம் ஒன்றும் கொடுக்காமல் கேட்டால், எல்லோரும் எழுதுவது எதுவோ அதன் பக்கம்தான் சாயும். அதைப் பழக்கிய பக்கங்களில் ஆங்கிலத்தோடு பார்த்தால் தமிழ் மிகக் குறைவு. அதனால்தான் பல நேரங்களில் அதன் தமிழ் மொழிபெயர்ப்பு போல ஒலிக்கிறது.

2024இல் சயின்ஸ் அட்வான்சஸ் என்ற இதழில் ஒரு ஆய்வு வந்தது. சுமார் 300 பேரைச் சிறுகதை எழுதச் சொன்னார்கள். சிலருக்கு மட்டும் ஏஐயிடம் யோசனை கேட்க வசதி கொடுத்தார்கள். அப்படிக் கேட்டவர்களின் கதைகளைத் தனித்தனியாகப் படித்தவர்கள் நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது அந்தக் கதைகள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. எழுதியவருக்குத் தன் கதை மட்டும்தான் தெரியும், ஒற்றுமை தெரியாது. மொத்தக் கட்டையும் படிக்கிறவருக்குத்தான் தெரியும். எங்கள் மேசையில் நடப்பதும் அதுதான்.

"பழைய காலத்துக் கடிதங்களும் ஒரே மாதிரிதானே தொடங்கின?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நம்மவர்கள் பலர் பிழைப்புக்காக சைகோன் போனார்கள். அந்தக் காலத்துக் கடிதம் என்றால் சலாம், பிறகு நலம், நலமறிய ஆவல் என்றுதான் தொடங்கும். ஆனால் அது ஊர் முழுவதற்கும் பொதுவான மரியாதை. அதை "என் சொந்த உள்ளத்திலிருந்து எழுந்த வரி" என்று யாரும் காட்டிக்கொள்ளவில்லை. உம்மா அந்த வரிகளைத் தாண்டி, தன் மகனைத் தவிர வேறு யாரும் எழுத முடியாத வரியைத்தான் தேடினார். பணம் எவ்வளவு அனுப்பியிருக்கிறான், காய்ச்சல் விட்டதா, எப்போது வருகிறான்? கருவி தரும் தொடக்கமும் பொதுச் சொல்தான். ஆனால் அது உங்கள் சொந்தக் கதை போல வேடம் போட்டு வருகிறது.

ஸுலைமான் (அலை) அவர்கள் ஸபா நாட்டு அரசிக்கு அனுப்பிய கடிதத்தை நம்லு அத்தியாயத்தில் ஓதியிருப்பீர்கள். யாரிடமிருந்து வருகிறது, யார் பெயரால் தொடங்குகிறது, என்ன வேண்டும்: இவ்வளவுதான் அதில் இருந்தது. அதைக் கண்ணியமான கடிதம் என்று அந்த அரசி தன் அவையில் சொன்னார். ஒரு தொடக்கம் கண்ணியமாக இருக்க அலங்காரம் தேவையில்லை.

இனி, இதில் உள்ள ஆபத்தைச் சொல்கிறோம். ஒரு மாணவியின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறோம்.

நர்ஸிங் படிப்புக்கு உதவி கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் நம் கடற்கரையைத் தாக்கிய இரவில் தன் வீடு இடிந்ததாகவும், அந்த இருட்டில்தான் நர்ஸ் ஆக வேண்டும் என்று உறுதி பூண்டதாகவும் கடிதம் தொடங்கியது. படித்தால் மனம் உருகும். ஆனால் எங்கள் குழுவில் ஒருவருக்கு அந்தத் தெரு தெரியும். அந்தக் குடும்பம் அப்போது வளைகுடா நாட்டில் இருந்ததும் தெரியும்.

பிள்ளையை அழைத்துக் கேட்டோம். அவள் பொய் சொல்ல நினைக்கவில்லை. "காரைக்கால், ஏழைக் குடும்பம், நர்ஸிங், உருக்கமான தொடக்கம்" என்று மட்டும் கருவியிடம் கொடுத்திருக்கிறாள். மீதியை அது இட்டுக்கட்டிவிட்டது. சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அந்தக் கடிதத்தை அப்படியே ஏற்றிருந்தால், உண்மையிலேயே புயலில் கூரை இழந்த ஒரு வீட்டின் பெயரால் ஜகாத் பணம் போயிருக்கும். கண்டுபிடித்தபின் விண்ணப்பத்தைத் தள்ளியிருந்தால், தகுதியான ஒரு பிள்ளையின் படிப்பு நின்றிருக்கும்.

அவளை உட்காரவைத்து, "சரிம்மா, உன் கதையைச் சொல்" என்றோம். வாப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி ஊர் திரும்பியிருக்கிறார். வாரம் மூன்று முறை டயாலிசிஸ். உம்மா தையல் வேலை செய்கிறார். "டயாலிசிஸ் நடக்கும் நாலு மணி நேரமும் வாப்பா பக்கத்தில் உட்கார்ந்துதான் பிளஸ் டூவுக்குப் படித்தேன்" என்றாள். அதையே முதல் வரியாக எழுதச் சொன்னோம். இதைவிடச் சிறந்த தொடக்கத்தை எந்தக் கருவியால் எழுத முடியும்? அந்த வரி அவளிடம்தான் இருந்தது. கருவியிடம் அவள் அதைச் சொல்லவே இல்லை.

பெரிய படிப்பு படித்தவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதையொட்டி வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஒரு கல்லூரி தன் மாணவர்களுக்கு ஆறுதல் மின்னஞ்சல் அனுப்பியது. ஒருவரையொருவர் அரவணைப்போம் என்றெல்லாம் அழகாக எழுதியிருந்தது. கீழே சிறிய எழுத்தில், இது சாட்ஜிபிடியைக் கொண்டு எழுதியது என்ற குறிப்பும் இருந்தது. மாணவர்கள் கொதித்துப் போனார்கள். கல்லூரி மன்னிப்புக் கேட்டது. துக்க வீட்டுக்குப் போகிறோம். அங்கே நாம் பேசுவது இரண்டு சொல்தான், அதுவும் திக்கித் திணறித்தான். ஆனாலும் நாம் நேரில் போய்ச் சொன்னோம் என்பதில்தான் அதன் மதிப்பு இருக்கிறது.

அதே ஆண்டு ஜூனில் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் இருவருக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய, எங்குமே இல்லாத தீர்ப்புகளை உண்மை என்று மனுவில் காட்டியிருந்தார்கள். கருவி மீது பழி போட முடியவில்லை. கையெழுத்துப் போட்டவரே பொறுப்பு.

அப்படியானால் எப்படிப் பயன்படுத்துவது? நாங்கள் சொல்லும் வழி இது.

முதலாவது, கருவியைத் திறப்பதற்கு முன் பேசுங்கள். உங்கள் நிலையை வீட்டில் ஒருவரிடம் இரண்டு நிமிடம் சொல்வதுபோல் போனில் பதிவு செய்யுங்கள். காரைக்கால் தமிழிலேயே சொல்லுங்கள். திரும்பக் கேட்டால், எந்த இடத்தில் உங்கள் குரல் தானாகத் தழுதழுக்கிறதோ, அல்லது எங்கே ஒரு பெயரும் எண்ணும் இடமும் வருகிறதோ, அங்கேதான் உங்கள் தொடக்கம் இருக்கிறது.

இரண்டாவது, அந்த முதல் இரண்டு வரியைக் கையால் எழுதுங்கள். பிழை இருந்தால் பரவாயில்லை.

மூன்றாவது, கருவியை எழுதச் சொல்வதற்குப் பதில் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "என் கடிதத்தைப் படிக்கும் குழுவுக்கு இன்னும் என்ன தெரிய வேண்டும்? ஐந்து கேள்வி கேள்" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் மறந்த விஷயம் ஒன்றிரண்டு நினைவுக்கு வரும். அவற்றுக்கு உங்கள் சொல்லில் பதில் எழுதுங்கள்.

நான்காவது, முழுக் கடிதமும் தயாரான பிறகு, "பிழை மட்டும் திருத்து, நான் சொல்லாத எதையும் சேர்க்காதே" என்று கொடுங்கள். ஆங்கிலத்தில் வேண்டுமானால் இந்தக் கட்டத்தில் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். அப்படிச் சொன்னாலும் அது எதையாவது சேர்த்திருக்கலாம். வரி வரியாகச் சரிபாருங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் புரிந்தவரிடம் காட்டுங்கள், அல்லது நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள்.

ஐந்தாவது, கடைசியாக வீட்டில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். "இது நம்ம பிள்ளை பேசுற மாதிரி இல்லையே" என்று உம்மா சொன்னால், அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், மருத்துவ அறிக்கை ஆகியவற்றை இந்தக் கருவிகளில் போடாதீர்கள். கடிதம் எழுத அவை தேவையே இல்லை. அடுத்து, கட்டுரையோ உரையோ தொடங்குவதற்கு ஹதீஸ் ஒன்று கொடு என்று கருவியிடம் கேட்காதீர்கள். இல்லாத தீர்ப்பை எழுதியது போலவே இல்லாத ஹதீஸையும் எண் போட்டு எழுதித் தரும். நபி (ஸல்) அவர்கள் சொல்லாததை அவர்கள் பெயரில் சொல்வது எவ்வளவு பெரிய குற்றம் என்பது நமக்குத் தெரியும். ஆலிம்களிடம் கேளுங்கள், மூல நூலில் பாருங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. கஷ்டத்தை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் பல பிள்ளைகள் பொதுச் சொற்களுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். உங்கள் கடிதத்தைக் குழுவைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள். அது எங்களிடம் இருக்கும் அமானிதம். அதுபோல, அதில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் உங்களிடம் இருக்கும் அமானிதம்.

இந்த ஆண்டு படிவத்தோடு வரும் கடிதங்கள் கோணல் கையெழுத்தில் இருக்கட்டும், பிழையோடு இருக்கட்டும். அதற்காக எந்த விண்ணப்பமும் தள்ளப்படாது. முதல் இரண்டு வரி மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படிப்போம்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் உண்மை பேசும் நாவையும் அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.